செல் படமும் அஞ்சு மார்க்கும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. மார்ச் குளோசிங், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வந்த ஸ்டாட்யூட்டரி ஆடிட், இதுக்கெல்லாம் மேலே ராய்ப்பூர் வெயில். மூணும் முடிந்து மூச்சு விடுகிற நேரத்தில் மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் வந்து சேர்ந்தது. ஹெச்பிஏ1சி 6.3. சர்க்கரை வியாதி என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பேங்க் பாஷையில் சொன்னால், கணக்கு இன்னும் வாராக்கடன் ஆகவில்லை, ஆனால் தவணை இழுக்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து சீட்டு நண்பர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் உச்சுக் கொட்டினார். டெஸ்டுக்கு முன்னால் ரெண்டு நாள் சோறையும் இனிப்பையும் நிறுத்தியிருந்தால் நார்மல் என்று வந்திருக்குமாம். அவர் அப்படித்தான் செய்வாராம்.

அந்தப் பருப்பு இந்த டெஸ்டில் வேகாது. நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழும். அந்த நாள் பூரா ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போன ரெண்டு மூணு மாதத்துச் சங்கதி தெரிந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பது மார்ச் 31-ந் தேதி டெபாசிட் பேலன்ஸ் மாதிரி. அன்றைக்கு ஒரு நாளுக்கு அதை எப்படி ஏற்றிக் காட்டலாம் என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெச்பிஏ1சி என்பது காலாண்டு சராசரி இருப்பு. ரெண்டு நாள் வேஷம் அதில் எடுபடாது.

இப்படிச் சொன்னதும் நண்பருக்குப் பளிச்சென்று புரிந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "யார், நீ பயாலஜியா படிச்சே?"

இல்லை. படிச்சது பி.காம். கடைசியாக அறிவியல் பரீட்சை எழுதியது 1995-ல், பத்தாம் வகுப்பில். இந்தப் பதிவு அந்த அறிவியலைப் பற்றித்தான். குறிப்பாக, செல்.

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பின்னாடி சுத்திக்கிறேன். அருப்புக்கோட்டை, தமிழ் மீடியம், ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஒரே ஒரு நுண்ணோக்கி இருந்தது. அது பீரோவுக்குள் மஞ்சள் துணி சுத்தி வைக்கப்பட்டிருக்கும், உற்சவர் மாதிரி. வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வரும். அன்று சயின்ஸ் சார் வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து வைத்தார். அறுபது பேர் வரிசை. ஒரு பீரியட் நாற்பத்தஞ்சு நிமிஷம். ஆளுக்கு எத்தனை நொடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் முறை வந்தபோது ஒரு கறுப்புக் கம்பி மாதிரி ஏதோ தெரிந்தது. அது என் சொந்தக் கண்ணிமை முடி என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "செங்கல் அடுக்கியது போன்ற செல்கள் காணப்பட்டன." முன்னாடி பெஞ்சுக்காரன் அப்படித்தான் எழுதியிருந்தான். அறுபது நோட்டிலும் அதே வரி. பார்க்காத சரக்கைப் பார்த்ததாக ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போடுகிற ஆட்களை இப்போது இன்ஸ்பெக்ஷனில் பிடித்தால், அந்த வெங்காயம்தான் ஞாபகத்துக்கு வரும் :-)

சாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நுண்ணோக்கியின் லென்ஸ் உடைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பேச்சு. அறுபது வானரங்கள் கையில் கொடுக்க எவனுக்குத் தைரியம் வரும்?

படம் வரைவதில் நான் கெட்டி. விலங்கு செல்லை வட்டமாகவும் தாவர செல்லைக் கட்டமாகவும் போட்டு, பாகங்களை ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துக் குறித்தால் அஞ்சு மார்க் முழுசாக விழும். உட்கரு, சைட்டோபிளாசம், ரைபோசோம், கோல்கை உறுப்புகள். மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் ஆற்றல் மையம். லைசோசோம் என்றால் தற்கொலைப் பைகள். இந்த ரெண்டும் ஒரு மார்க் கேள்வியில் கட்டாயம் வரும். அடுத்தது மைட்டாசிஸ், அதற்கும் ஒரு படம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும், ரெண்டு முனையிலிருந்தும் கதிர்க்கோல் இழைகள் வந்து பிடித்துக்கொள்ளும். அந்த இழைகளை ஊசி மாதிரி சீவிய பென்சிலால் ஒவ்வொன்றாக வரைவேன். சார் என் நோட்டை மற்ற செக்‌ஷனுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

அவ்வளவு அழகாக வரைந்த எனக்கு அது எதற்கு என்று தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்ததோடு செல்லுக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால் 'செல்' என்று பெயர் வைத்தார் என்பது எல்லாரும் மனப்பாடம் செய்த விஷயம். அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெற்றுச் சுவர். உள்ளே ஒன்றும் கிடையாது. காலி வீட்டைப் பார்த்து வைத்த பெயரே நிலைத்துவிட்டது. என் புகார் என்னவென்றால், முந்நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து எங்களுக்குக் காட்டியதும் கிட்டத்தட்ட அதே காலி வீட்டைத்தான். பாகம் எல்லாம் இருந்தது, நடப்பு ஒன்றும் இல்லை.

காமர்ஸ்காரனாகச் சொல்கிறேன். அந்தப் படம் ஒரு பேலன்ஸ் ஷீட். ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த போட்டோ. கம்பெனி நன்றாக ஓடுகிறதா என்று அதை மட்டும் வைத்து யாரும் கடன் கொடுக்க மாட்டோம். பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று பார்க்கணும். செல்லில் அந்தப் பண ஓட்டம் இருக்கே, அது நம் கிளையின் கேஷ் கவுன்டரைவிட சுவாரசியம்.

ஏடிபி என்ற மூலக்கூறை 'ஆற்றல் நாணயம்' என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நாணயம் என்றதும் ஏதோ லாக்கரில் அடுக்கி வைத்திருக்கிற சேமிப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையவே கிடையாது. நம் மொத்த உடம்பிலும் எந்த நேரத்திலும் இருக்கிற ஏடிபி சில பத்து கிராம்தான். ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிப்பது ஏறக்குறைய நம் உடம்பின் எடை அளவுக்கு! செலவான நாணயத்தை மைட்டோகாண்ட்ரியா உடனுக்குடன் சார்ஜ் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டெல்லர் மேஜையில் கொஞ்சூண்டு பணத்தை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் பட்டுவாடா செய்கிற மாதிரி. அந்தச் சுழற்சி சில நிமிஷம் நின்றால் ஆள் காலி. சயனைடு கொல்வது இந்த இடத்தில்தான். 'ஆற்றல் மையம்' என்ற ரெண்டு சொல்லை நெட்டுரு போட்டவனுக்கு இதில் எது தெரியும்?

இன்னொன்று. ஏடிபியை 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டுபிடித்தார். அதே வருஷம் தனியாக அமெரிக்காவில் ஹார்வர்டில் ஃபிஸ்கேவும் இன்னொருவரும் கண்டுபிடித்தார்கள். அந்த இன்னொருவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். யானைக்கால் நோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிற டிஇசி மாத்திரை வந்ததும் அவர் தலைமை தாங்கிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்துதான். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட்டும் அப்படியே. 1948-ல் இறந்துவிட்டார். 1995-ல் அவர் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். அதே 1995-ல் நான் பத்தாம் வகுப்பு எழுதினேன். அவர் பெயரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

புற்றுநோய் என்று எழுதிவிட்டேன். இனிமேல் சுற்றி வளைக்காமல் அதற்கே வந்துவிடுகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2013 ஜனவரியில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. நான் அப்போது ஒடிஷாவில், சம்பல்பூர் பக்கம் ஒரு கிளையில். லீவு போட்டு ஓடினேன். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆச்சு. அப்புறம் 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் எட்டு. டாக்டர் ஆங்கிலத்தில் ஒன்றரை நிமிஷம் பேசினார், மூணு தாளில் கையெழுத்து வாங்கினார். கடன் பத்திரத்தில் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கும்போது நான் பேசுவதும் அதே ஒன்றரை நிமிஷம்தான் என்பதால் எனக்கு அது விகற்பமாகத் தெரியவில்லை. போட்டேன். லீவு முடிந்து திரும்பிவிட்டேன்.

முதல் கீமோ முடிந்து மூணாவது வாரம் அம்மாவுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. வாயெல்லாம் புண். ரெண்டாவது கீமோவுக்குப் பிறகு பத்தாம் நாள் காய்ச்சல், வெள்ளையணு குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்த அம்மா பீரோக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். சித்தப்பா போன் செய்தார்: "மருந்து அண்ணிக்கு ஒத்துக்கலைய்யா. நோய் கொல்றதுக்கு முன்னாடி மருந்து கொன்னுரும் போல. ஒரு தடவை நிறுத்திப் பாப்போமே." தெருவில் எல்லாரும் அதையே சொன்னார்கள். மூலிகைக்காரர் ஒருவர் விலாசமும் வந்து சேர்ந்தது.

நான் அங்கே மார்ச் குளோசிங்கில் மூழ்கிக் கிடக்கிறேன். முடிக்கும் வாய்க்கும் மார்பில் இருக்கிற கட்டிக்கும் என்ன சம்பந்தம்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குப் புலப்படவில்லை. "சரி, ஒரு தடவை தள்ளிப் போடுங்க" என்று சொன்னது நான்தான். சித்தப்பா இல்லை.

மூணு வாரம் தள்ளிப்போச்சு. ஏப்ரலில் நான் போய் அம்மாவைத் திரும்பக் கூட்டிப் போனபோது டாக்டர் சத்தம் போட்டார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னது ஊசி போட வந்த நர்ஸம்மா. டிரிப்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த மருந்துக்கு எது கேன்சர், எது முடின்னு தெரியாது சார். எந்தச் செல்லு வேகமா ரெண்டாப் பிரியுதோ அதைப் போட்டு அடிக்கும். கேன்சர் வேகமாப் பிரியும். முடி வேரும் அப்படித்தான், வாய்த்தோல், குடல், எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம், எல்லாம் அப்படித்தான். அதான் எல்லாம் அடிவாங்குது. நல்ல செல்லு 21 நாள்ல எந்திரிச்சிரும். அது எந்திரிச்சதும் அடுத்த அடி. நீங்க இடையில விட்டா அதுவும் சேர்ந்து எந்திரிச்சிரும்."

ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான். முடி, வாய்ப்புண், வெள்ளையணு, 21 நாள், நாலும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தன. வெள்ளையணுவில் பெரும்பகுதி சில நாளில் செத்துப் புதுசு வரவேண்டிய ஜாதி, அதனால் அது முதலில் குறையும். சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுசு, அதனால் அது மெதுவாகத்தான் குறையும். இதெல்லாம் பின்னால் நானாகத் தேடிப் படித்தது. 'செல்கள் பகுப்படைகின்றன' என்று பத்துப் பதினைந்து தடவையாவது எழுதி மார்க் வாங்கியிருப்பேன். வேகமாகப் பகுப்படைகிறவை, மெதுவாகப் பகுப்படைகிறவை என்று ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை வைத்துத்தான் உலகம் பூரா இந்த வைத்தியம் நடக்கிறது என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் அந்தப் போனில் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

மீதியை ஒழுங்காக முடித்தோம். அம்மா இருக்கிறாள். ஆனால் அந்த மூணு வாரம் இன்னும் என் கணக்கில் நிலுவையாக நிற்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் பொண்ணு பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி குரூப். ஒரு ராத்திரி மெட்டாஃபேஸ் படம் வரைந்துகொண்டிருந்தாள். பழைய கெட்டி ஆச்சே, பென்சிலை வாங்கி இழை வரைய உட்கார்ந்தேன். "அப்பா, பாக்லிடாக்ஸெல்னு ஒரு மருந்து இந்த ஸ்பிண்டிலத்தான் விறைக்க வைக்குமாம். இழை சுருங்கினாத்தானே குரோமோசோமை இழுக்க முடியும்? சுருங்க முடியாம செல் நடுவுலயே மாட்டிக்கிட்டுச் செத்துருமாம்" என்றாள், ஏதோ வீடியோவில் பார்த்ததாக.

எனக்குப் பென்சில் நின்றுவிட்டது. அம்மாவின் கடைசி நாலு கீமோவும் அந்த மருந்துதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயரை மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்டுக்காக நாலு தடவை என் கையால் எழுதியிருக்கிறேன். பதினாலு வயதில் சீவின பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்த அதே கதிர்க்கோல் இழை. அமெரிக்காவில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்ததாம் முதலில். நம் ஊர் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இதே இழையைத்தான் குறிவைக்கின்றன, ஆனால் நேரெதிராக: இழையே உருவாகவிடாமல் தடுக்கின்றன. எங்கள் ஊரில் அதைச் சுடுகாட்டுப் பூ என்று வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடுகிற என்னை மாதிரி ஆட்களுக்கு ஒன்பதும் பத்தும்தான் கடைசி பஸ். டாக்டராகப் போகிறவர்கள் இதையெல்லாம் பின்னால் நாலு தடவை படிப்பார்கள். நாங்கள் ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போடுகிற ஜாதி. ஆனால் பாடமோ மொத்தமும் டாக்டராகப் போகிறவனின் முதல் படியாகவே எழுதப்படுகிறது. தாவர செல், விலங்கு செல் வேறுபாடு அட்டவணையில் 'செல் சுவர்: உண்டு, இல்லை' என்று எழுதுகிறோமே, பாக்டீரியாவுக்கும் ஒரு சுவர் உண்டு, பென்சிலின் அந்தச் சுவர் கட்டுமானத்தைத்தான் கெடுக்கிறது, நமக்குச் சுவர் இல்லாததால் தப்பிக்கிறோம், வைரஸுக்குச் செல்லே இல்லாததால் வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மாத்திரை தண்டம் என்று கூடவே நாலு வரி சேர்த்தால் என்ன? மெடிக்கல் ஷாப்பில் போய் "அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்கிற கூட்டத்தில் பாதியாவது யோசிக்கும்.

மனப்பாடமே கூடாது என்று சொல்கிற கோஷ்டி நான் இல்லை. டெபிட், கிரெடிட் விதியை நானும் நெட்டுருதான் போட்டேன். பெயர் தெரியாமல் எதையும் பேச முடியாது. ஆனால் விதியைச் சொல்லிக்கொடுத்த கையோடு அக்கவுன்டன்சி வாத்தியார் பத்து நடவடிக்கையைக் கொடுத்து ஜர்னல் போட வைத்தார். செல்லுக்கு அந்த ஜர்னல் பக்கமே வரவில்லை. "இருக்கிற சிலபஸையே முடிக்க முடியலை, இதுல நாலு வரி சேர்க்கணுமா" என்று ஆசிரியர் நண்பர்கள் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். கோல்கை உறுப்பை எடுத்துவிடுங்கள் ஐயா, அதை நான் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ இருக்கு, எல்லாம் புரிந்து படிக்கிறார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். நீட்டில் 720-க்கு 360 மார்க் பயாலஜிக்கு. கோச்சிங்கில் பாடப்புத்தகத்தை வரி வரியாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். என் பொண்ணுக்கு அந்த பாக்லிடாக்ஸெல் வீடியோ பார்த்த அரைமணி நேரம் வீண் என்று குற்ற உணர்ச்சி வந்தது. அவள் புரிந்துகொண்ட ஒரே அரைமணி நேரம் அது!

அந்த டிசம்பரில் அம்மா ராய்ப்பூர் வந்திருந்தாள். மனு பிரகாஷ் என்கிற நம்ம ஊர்க்காரர் ஸ்டான்ஃபோர்டில் உண்டாக்கிய காகித நுண்ணோக்கி ஒன்று வாங்கியிருந்தேன், ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். அட்டையை மடித்துச் செய்வது, 140 மடங்கு பெருக்கும். பொண்ணு அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேப்பரில் மெட்டாஃபேஸ் வரைந்து, ஊசி மருந்து எங்கே போய் என்ன செய்தது, முடி ஏன் கொட்டியது, ஏன் திரும்ப முளைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சாம் வகுப்பு படித்த அம்மா குறுக்கே ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "களைக்கு மருந்தடிச்சா பயிரும் வாடத்தானே செய்யும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இம்புட்டுத்தானா? இதை அப்பவே எவனாச்சும் சொல்லியிருந்தா நான் கண்ணாடிய மூடியிருக்க மாட்டேனேய்யா" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அடுக்களைக்குப் போய் வெங்காயம் எடுத்து வந்தேன். தோல் உரித்துச் சாயம் விட்டது பொண்ணு. முதலில் அப்பத்தா பார்த்தாள், அப்புறம் தங்கமணி, கடைசியில் நான். வரிசையில் எனக்குப் பின்னாடி யாரும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தேன். செங்கல் அடுக்கின மாதிரித்தான் இருந்தது.